கோப்பின் வால் என்ன சொல்கிறது?

கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போயிருக்கிறீர்களா? ஒவ்வொரு பாம்புக்கும் இரண்டு பெயர்கள் உண்டு என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். ஒன்று நம் ஊரில் சொல்லும் பெயர். மற்றொன்று அறிவியலார் வைத்த பெயர். நல்ல பாம்புக்கு நாஜா நாஜா. கட்டுவிரியனுக்கு பங்காரஸ் செருலியஸ். அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினத்தைக் குறிக்கிறது, இரண்டாவது சொல் சிற்றினத்தைக் குறிக்கிறது. வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பெயரே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டரில் புரோகிராம்களைச் சுமந்து வரும் கோப்புகளுக்கும் இப்படிப்பட்ட பெயர்கள்தாம். இரவு வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற இலவசப் புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவ விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் புரோகிராம்களைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியத்தில் தேடுகிறீர்கள். அடடா! ஒரே புரோகிராமுக்கு ஏழெட்டுக் கோப்புகள் இருக்கின்றனவே! எல்லாவற்றுக்கும் தலை ஒன்றுதான், வால்தான் வேறு வேறு. தவறான வாலைப் பிடித்தால் கம்ப்யூட்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எந்த வாலைப் பிடிப்பது?

அதைத்தான் பார்க்கப் போகிறோம். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த வால்களில் இரண்டுக்கு, பாம்புப் பண்ணையை ஒட்டிய காட்டின் மறுபுறத்தில் இருக்கும் ஐ.ஐ.டி. வளாகத்தோடு தொடர்பு உண்டு. இரண்டுக்கும் நடுவில் சுமார் ஐம்பது ஆண்டுகள்!

பெயரைப் பிரிப்போமா?

லினக்ஸ் குடும்பத்தில் டெபியன் என்று ஒரு பெரிய கிளை உண்டு. 1993-ஆம் ஆண்டில் தொடங்கியது. உபுண்டு அதிலிருந்து பிறந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸும் அப்படியே. தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகள் பலவற்றில் இந்த பாஸ் இருந்தது. உங்கள் அண்ணனோ அக்காளோ அதைப் பார்த்திருக்கக் கூடும்.

இந்தக் குடும்பத்தின் கோப்புப் பெயர் ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுகிறேன். கம்ப்யூட்டரில் இது ரோமன் எழுத்தில் இருக்கும்.

ஸ்டெல்லேரியம்_25.1-1_ஏஎம்டி64.டெப்

கடைசியில் உள்ள 'டெப்', இது டெபியன் முறையில் கட்டிய பொட்டலம் என்பதைச் சொல்கிறது. மளிகைக் கடைப் பொட்டலம் போலத்தான். உள்ளே சரக்கு, கூடவே ஒரு சீட்டு. 'நான் வேலை செய்ய இன்னின்ன பொட்டலங்கள் முன்பே வந்திருக்க வேண்டும்' என்ற பட்டியல் அந்தச் சீட்டில் இருக்கும்.

மீதியை அடிக்கோடுகள் மூன்று துண்டாகப் பிரிக்கின்றன. முதல் துண்டு பொட்டலத்தின் பெயர். அதில் சிறிய எழுத்துகள், எண்கள், கூட்டல் குறி, கழித்தல் குறி, புள்ளி ஆகியவை மட்டுமே வரலாம். அடிக்கோடு வரக்கூடாது. ஏன் தெரியுமா? அடிக்கோடுதான் வேலி. வேலியையே பயிராக நட்டால் எங்கே வயல் முடிகிறது என்று எப்படித் தெரியும்?

இரண்டாம் துண்டு பதிப்பு எண். இங்கேதான் கணக்கில் கெட்டிக்காரர்களும் இடறி விழுவார்கள். 1.9, 1.10 இவற்றில் எது பெரியது? கணக்குத் தேர்வில் 1.9 என்று எழுதினால்தான் மதிப்பெண். இங்கே 1.10 பெரியது! பதிப்பு எண்ணில் வரும் புள்ளி தசமப் புள்ளி அன்று. ஒன்றாம் அத்தியாயம் ஒன்பதாம் பாடம், ஒன்றாம் அத்தியாயம் பத்தாம் பாடம் என்பது போலப் படிக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் உள்ள 1, ஸ்டெல்லேரியம் எழுதியவர்கள் போட்டதன்று. அதைப் பொட்டலம் கட்டிய டெபியன்காரர்கள் 'இது எங்கள் முதல் கட்டு' என்று போட்டது. சில பெயர்களில் அலை போன்ற ஒரு நெளிகோடு வரும். 2.0 என்பதற்குப் பின் நெளிகோடும் ஏதாவது எழுத்தும் வந்தால், அது 2.0 வெளிவருவதற்கு முந்திய வெள்ளோட்டம் என்று பொருள்.

மூன்றாம் துண்டுதான் நம் வால். 'ஏஎம்டி64' என்பது என்ன?

ஒரே கூட்டல், மூன்று மொழிகள்

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. 0, 1 ஆகிய இரண்டே குறிகளால் ஆன சில ஆணைகள் மட்டுமே தெரியும். எந்த வரிசை எந்த ஆணை என்பதை அந்தப் பிராசசரை வடிவமைத்தவர்கள் தீர்மானித்திருப்பார்கள். 'இந்த அறையில் உள்ள எண்ணோடு அந்த அறையில் உள்ள எண்ணைக் கூட்டு' என்ற மிகச் சிறிய ஆணையை எடுத்துக்கொள்வோம். மூன்று வகைப் பிராசசர்களுக்கு அதை எப்படிச் சொல்ல வேண்டும், பாருங்கள்.

பெரிய ஐ.பி.எம். எந்திரங்களுக்கு: 0001 1010 0001 0010

மேசைக் கம்ப்யூட்டர்களில் உள்ள இன்டெல் வகைக்கு: 0000 0001 1101 1000

ரிஸ்க்-ஃபைவ் வகைக்கு: 0000000 01011 01010 000 01010 0110011

முதல் வரியில், முன்னால் உள்ள எட்டுக் குறிகள் 'கூட்டு' என்கின்றன. அடுத்த நான்கு 1-ஆம் அறை, கடைசி நான்கு 2-ஆம் அறை. இரும எண்களைப் படித்தவர்கள் மூன்றாவது வரியில் 10-ஆம் அறையையும் 11-ஆம் அறையையும் தேடிக் கண்டுபிடியுங்கள். 10 ஏன் இரண்டு முறை வருகிறது? கூட்டி வந்த விடையையும் அங்கேயே வைக்கச் சொல்கிறது.

ஒருவருக்கான ஆணையை மற்றவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? கேரளத்திலிருந்து வந்த நண்பர் உங்கள் வீட்டில் உட்கார்ந்து 'வெள்ளம் வேணும்' என்றால் எப்படி இருக்கும்? அவர் கேட்டது குடிக்கத் தண்ணீர். நமக்கோ வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது! ஒலி ஒன்று, பொருள் வேறு. ஆகையால்தான் ஒரே ஸ்டெல்லேரியத்தை ஒவ்வொரு வகைப் பிராசசருக்கும் தனித்தனியே மொழிபெயர்த்துத் தனிப் பொட்டலமாகக் கட்டுகிறார்கள். வால், அது எந்த மொழியில் இருக்கிறது என்று சொல்கிறது. அந்த மொழி விதிகளின் தொகுப்புக்குத்தான் கட்டமைப்பு, அதாவது ஆர்க்கிடெக்சர் என்று பெயர்.

1973-ல் கிண்டிக்கு வந்த எந்திரம்

கட்டடக் கலையைக் குறிக்கும் சொல் இங்கே எப்படி வந்தது? ஒரு காலத்தில் ஒவ்வொரு மாடல் கம்ப்யூட்டருக்கும் தனித்தனி ஆணை மொழி இருந்தது. புது எந்திரம் வாங்கினால், பழைய புரோகிராம்களை எல்லாம் மறுபடி எழுத வேண்டியதுதான். 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம்/360' என்ற குடும்பத்தை அறிவித்தது. சிறியது முதல் பெரியது வரை பல எந்திரங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே ஆணை மொழி. அதை வடிவமைத்த ஆம்டால், பிளாவ், புரூக்ஸ் ஆகியோர், எந்திரத்தின் உட்புறம் எப்படி இருந்தாலும் புரோகிராம் எழுதுபவரின் கண்ணுக்குத் தெரியும் வெளி அமைப்பையே 'ஆர்க்கிடெக்சர்' என்று அழைத்தார்கள்.

தட்டச்சுப் பள்ளியில் பயிலும் அக்காமார்களைக் கேளுங்கள், இது உடனே விளங்கும். ரெமிங்டன் எந்திரத்தில் தமிழ்த் தட்டச்சுப் பழகியவர் கோத்ரெஜ் எந்திரத்திலும் அடிப்பார். உள்ளே நெம்புகோல்களும் சுருள்வில்களும் வேறாக இருக்கலாம். விசைகளின் இடம் மாறாதவரை அவர் விரலுக்குக் கவலையில்லை. விசைப்பலகைதான் கட்டமைப்பு.

360 குடும்பத்தின் வாரிசாக 370 வந்தது. அந்த வரிசையில் 370/155 என்ற எந்திரம் ஜெர்மனியின் உதவியால் 1973-ஆம் ஆண்டில் கிண்டி ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைகளில் புரோகிராமைக் கொடுத்துவிட்டு, விடைக்குக் காத்திருந்த காலம் அது. அந்த எந்திரம் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் அதன் மொழி? 370-க்குப் பின் 390 வந்தது. 2000-ஆம் ஆண்டில் அது 64 இலக்க எந்திரமாக வளர்ந்தது. வங்கிகளின் கணக்குகளைக் கையாளும் இன்றைய ஐ.பி.எம். பெரு எந்திரங்கள் அந்த வம்சந்தான். மேலே முதல் வரியில் எழுதிய 0001 1010, கிண்டி எந்திரத்துக்கு எப்படிக் 'கூட்டு' என்று பொருள்பட்டதோ, இன்றைய எந்திரத்துக்கும் அப்படியே பொருள்படும். டெபியன் களஞ்சியத்தில் 'எஸ்390எக்ஸ்' என்ற வாலைப் பார்த்தால் அந்தப் பழைய 370-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் வந்த தபால்

இனி நாம் முதலில் பார்த்த ஏஎம்டி64. பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள். 'என் கம்ப்யூட்டரில் இன்டெல் என்றல்லவா ஒட்டியிருக்கிறது? ஏ.எம்.டி. என்பது போட்டிக் கம்பெனி ஆயிற்றே!' என்று சரியான கோப்பையே ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்காதீர்கள். இன்டெல்லின் பழைய 32 இலக்க மொழியை 64 இலக்கத்துக்கு நீட்டி, 2003-ஆம் ஆண்டில் முதல் பிராசசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது ஏ.எம்.டி. தான். அடுத்த ஆண்டே இன்டெல்லும் அதே மொழியைத் தன் பிராசசரில் ஏற்றுக்கொண்டது. முதலில் செய்தவர் பெயரை டெபியன் வைத்துவிட்டது. வேறு சிலர் 'எக்ஸ்86_64' என்றும், இன்னும் சிலர் சுருக்கமாக 'எக்ஸ்64' என்றும் எழுதுவார்கள். மூன்றும் ஒன்றே. ஒரே பாம்புக்கு மூன்று ஊர்ப் பெயர்கள்! இதே போல் 'ஆர்ம்64', 'ஏஆர்ச்64' இரண்டும் ஒன்று. அநேகமாக உங்கள் வீட்டுக் கைப்பேசியின் மொழி அதுதான்.

'பிபிசி64இஎல்', 'ஆர்ம்இஎல்' என்று சில வால்கள் 'இஎல்' என்று முடியும். எண்ணை நினைவகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது என்பதை அது காட்டுகிறது. தமிழில் நாம் 'பதினைந்து' என்கிறோம். பத்து முதலில், ஐந்து பிறகு. பெரியது முன்னே. ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்' என்னும்போது ஐந்து முந்திக்கொள்கிறது. ஐ.பி.எம். பெரு எந்திரம் நம்மைப் போல. இன்டெல் வகை மற்ற வகை. கலிவரின் பயணக் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை போடுவார்கள் அல்லவா? 1980-ஆம் ஆண்டில் டேனி கோஹன் என்ற அறிஞர் அந்தக் கதையிலிருந்தே இவற்றுக்குப் பெருமுனை, சிறுமுனை என்று பெயர் எடுத்தார். சிறுமுனையின் ஆங்கிலச் சுருக்கம் 'எல்இ'. வாலில் அதையும் திருப்பிப் போட்டு 'இஎல்' என்று எழுதிவிட்டார்கள். குறும்புதான்!

ஒரு வால் உதிர்ந்தது

'ஐ386' என்ற வால் சற்று வருத்தத்துக்குரியது. இன்டெல் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட 80386 என்ற 32 இலக்கப் பிராசசரிலிருந்து வந்த பெயர். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் தேதி வெளிவந்த டெபியன் 13, இந்த வகைக் கம்ப்யூட்டர்களில் நிறுவுவதற்கான வசதியைக் கைவிட்டுவிட்டது. எந்திரம் பழுதாகவில்லை. மின்சாரம் கொடுத்தால் இன்றும் ஓடும். ஆனால் அதன் மொழியில் புதிதாக எழுதித் தருவார் இல்லை.

கொடுமை என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றுகிறது. மறுபக்கத்தையும் பாருங்கள். டெபியன் 13-ல் ஏறத்தாழ எழுபதாயிரம் பொட்டலங்கள் இருக்கின்றன. ஒரு வாலைக் காப்பாற்றுவது என்றால், அந்த மொழிக்காக அவற்றை மொழிபெயர்க்க வேண்டும், சோதிக்க வேண்டும், பிழை வந்தால் திருத்த வேண்டும். செய்பவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள்.

32 இலக்கத்துக்கு ஒரு கெடுவும் நெருங்குகிறது. பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி என்றே எண்ணிவருகின்றன. 32 இலக்கப் பெட்டியில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 விநாடி வரைதான் கொள்ளும். நம் நேரப்படி 2038-ஆம் ஆண்டு ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அது நிரம்பிவிடும். அதைத் தவிர்க்க 64 இலக்க நேரத்துக்கு மாறிய பொட்டலங்கள் பலவற்றின் பெயரோடு 'டி64' என்று ஒட்டியிருக்கிறார்கள். இது வால் அன்று, பெயரிலேயே விழுந்த தழும்பு.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அவசரப்பட்டுக் காயலான் கடைக்குப் போடச் சம்மதிக்காதீர்கள். பிராசசர் 64 இலக்கமாகவே இருந்து, யாரோ 32 இலக்க இயங்குதளத்தை நிறுவியிருக்கலாம். உடம்பு வளர்ந்த பிறகும் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டிருப்பது போல. சட்டையை மாற்றினால் போதும்.

மொழிக்கு வாடகை உண்டா?

தமிழில் கடிதம் எழுத நாம் யாருக்கும் பணம் கட்டுவதில்லை. ஆனால் இன்டெல் வகை ஆணை மொழியைப் பேசும் பிராசசரை விரும்பியவர் எல்லாம் செய்துவிட முடியாது. உரிமை ஓரிரு நிறுவனங்களிடமே இருக்கிறது. ஆர்ம் மொழி என்றால் அந்த நிறுவனத்திடம் உரிமம் பெற வேண்டும். 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய புதிய ஆணை மொழி ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்கள். அங்கே செய்த வரிசையில் ஐந்தாவது ஆகையால் ரிஸ்க்-ஃபைவ் என்று பெயர். ஐந்தை ரோமன் எண்ணாக எழுதுவதால் கோப்பின் வாலில் 'ரிஸ்க்வி64' என்று தெரியும்.

இந்த மொழியைக் கையில் எடுத்துக்கொண்டு கிண்டி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் 'சக்தி' என்ற பிராசசர் வரிசையை வடிவமைத்தார்கள். 2018-ஆம் ஆண்டில் ஒரு சில்லு அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலையில் உருவாயிற்று. அதே ஆண்டில் மற்றொன்று சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் உருவாயிற்று. 2020-ஆம் ஆண்டில் மௌஷிக் வந்தது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில், இஸ்ரோவின் திருவனந்தபுரம் மையத்துடன் சேர்ந்து விண்வெளிப் பணிகளுக்கென உருவாக்கிய 'ஐரிஸ்' என்ற சில்லு வெற்றிகரமாக இயங்கியதாக அறிவித்தார்கள்.

இவை எல்லாம் ஸ்டெல்லேரியம் ஓட்டப் பிறந்தவை அல்ல. ஐரிஸ் போன்றவை கட்டுப்பாட்டு வேலைக்கானவை. ஆனால் சக்தி வரிசையில் 'சி' வகை, லினக்ஸ் ஓட்டக்கூடிய 64 இலக்கப் பிராசசர். அப்படிப்பட்ட ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, அதில் ஓட ஒரு புரோகிராமும் இல்லை என்றால் என்ன பயன்? எழுபதாயிரத்தையும் கிண்டியில் உட்கார்ந்து ஒரு குழு மொழிபெயர்க்க முடியுமா? அங்கேதான் பொது மொழியின் லாபம். சீனத்திலோ ஐரோப்பாவிலோ ரிஸ்க்-ஃபைவ் சில்லு செய்கிறவருக்கும் தேவைப்படுவது அதே வால்தான். எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். டெபியன் 13-ல், ஐ386 இறங்கிய அதே வெளியீட்டில், ரிஸ்க்வி64 முதன்முறையாக முழுத் தகுதி பெற்ற கட்டமைப்பாக ஏறியது. பழைய 370-இன் பேரனான எஸ்390எக்ஸ் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வாலை வெட்டினால்?

சரி, கோப்பின் பெயரை நாமே மாற்றி, 'ஆர்ம்64' என்பதை அழித்து 'ஏஎம்டி64' என்று எழுதிவிட்டால் ஏமாற்ற முடியுமா? முடியாது. பொட்டலத்துக்குள் உள்ள சீட்டிலும் கட்டமைப்பு எழுதியிருக்கிறது. நிறுவும் புரோகிராம் அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் 'பொருந்தவில்லை' என்று மறுத்துவிடும். சீட்டையும் மாற்றினால்? லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமின் தொடக்கத்திலும், 19, 20-ஆம் பைட்டுகளில் ஓர் எண் பதிந்திருக்கும். ஏஎம்டி64 என்றால் 62. ஆர்ம்64 என்றால் 183. ரிஸ்க்-ஃபைவ் என்றால் 243. ஐ.பி.எம். பெரு எந்திரம் என்றால் 22. நாஜா நாஜா என்ற பலகையை மலைப்பாம்பின் கூண்டில் மாட்டினால் மலைப்பாம்பு படமெடுத்து ஆடுமா?

எந்த மொழியையும் சாராத வால் ஒன்றும் உண்டு. அது 'ஆல்', அதாவது 'அனைத்தும்'. ஸ்டெல்லேரியத்துக்குத் துணையாக 'ஸ்டெல்லேரியம்-டேட்டா' என்று ஒரு பொட்டலம் இருக்கிறது. அதில் இருப்பவை ஆணைகள் அல்ல, நட்சத்திரங்களைப் பற்றிய தகவல்கள். திருவாதிரை இருக்கும் இடம் எந்தப் பிராசசருக்கும் ஒன்றுதானே! லோஹித் தமிழ் எழுத்துருப் பொட்டலத்தின் வாலும் ஆல்தான். நம் 'அ' எல்லா எந்திரத்திலும் ஒரே வளைவுதான்.

உங்கள் பள்ளியில் லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தால் ஆசிரியரின் அனுமதியோடு இதைச் செய்து பாருங்கள். கட்டளைத் திரையைத் திறந்து 'யூநேம்' என்று ரோமன் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் 'எம்' எழுத்தும் சேர்த்து, என்டர் விசையை அழுத்துங்கள். அநேகமாக 'எக்ஸ்86_64' என்று வரும். அப்படியானால் நீங்கள் பிடிக்க வேண்டிய வால் ஏஎம்டி64. 'ஏஆர்ச்64' என்று வந்தால் ஆர்ம்64. தப்பித்தவறி 'ரிஸ்க்வி64' என்று வந்துவிட்டால், எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று எழுதி எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள்.